கோவில் வாசலுக்கு வெளியே: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன் பக்கம் எந்தக் கோவில் கமிட்டியிலும் என்றாவது ஒரு நாள் இந்த வாக்குவாதம் வந்தே தீரும். தண்ணீர் வரவில்லை என்று ஊர் ஊர்வலம் போகிறது, கோவில் பேனரோடு நாமும் போகலாமா? தேர்தல் நெருங்குகிறது, வேட்பாளரை மேடையேற்றலாமா? பக்கத்துக் குடிசைப்பகுதியை இடிக்கிறார்கள், அதில் நமக்கு என்ன வேலை? சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், மெரிபேங்க் என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான். தமிழ்நாட்டில் இருக்கும் உறவுக்காரர்களும் கேட்கிறார்கள்: அங்கே கோவில் எல்லாம் இவ்வளவு பொது விஷயம் பேசுமா என்று. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதிலை இங்கே எழுதியிருக்கிறேன்.

சாமி கும்பிடும் இடத்துக்கும் பொது விவகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த நாட்டில் நம் தாலிக்கு மதிப்பு வந்ததே ஒரு பொதுப் போராட்டத்தால்தான். அதனால் சம்பந்தம் இல்லை என்று சொல்லும் வசதி நமக்கு இல்லை.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றியது. ஆனால் தீர்ப்பின் வீச்சு எல்லோர் மேலும் விழுந்தது: கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, அரசு அதிகாரியிடம் பதிவாகாத கல்யாணங்கள் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. அம்மன் சன்னதியில் தாலி கட்டிக்கொண்ட பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற அந்தஸ்தை இழந்தார்கள். பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குறியானது.

அதற்கு முன்பே வேறொரு பாரம் இருந்தது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்த பிறகும் டர்பன் இருக்கும் நேட்டாலில் தங்க விரும்பிய கூலித்தொழிலாளர்கள் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். 1895-இல் வந்த சட்டம் அது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் மட்டுமல்ல, பின்னாளில் 16 வயது ஆன பையனுக்கும் 13 வயது ஆன பெண்பிள்ளைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். கரும்புத் தோட்டத்துக் கூலியில் அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டும் சேர்ந்துதான் காந்தி நடத்திய 1913 சத்தியாக்கிரகத்தைப் பெண்களின் கைக்குக் கொண்டுவந்தது. டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள் புறப்பட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் தமிழ்ப் பெண்கள். போராட்டத் தலைவர்களில் ஒருவரான தம்பி நாயுடு என்பவரின் மனைவியும் அதில் ஒருவர். நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், வரியை நீக்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தொழிலாளர்களிடம் பேசினார்கள். வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டது. நவம்பர் 6 அன்று சார்ல்ஸ்டவுனிலிருந்து எல்லையைத் தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். தில்லையாடி வள்ளியம்மை பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயில் விழுந்து, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். 16 வயது. அந்த ஆண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து 3 பவுன் வரி ஒழிந்தது, நம் திருமணங்களுக்கும் அங்கீகாரம் கிடைத்தது.

அந்தப் பெண்கள் அரசியல் மேடையில் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. விளக்கேற்றி, விரதம் இருந்து, பிள்ளை வளர்த்தவர்கள். மதத்தையும் நியாயத்தையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, அது நம் பிரச்சினை. நாம் போராடினோம். அடுத்தவர் பிரச்சினைக்கு எதற்குப் போக வேண்டும்?

நம் பிரச்சினைக்கு அடுத்தவர் வந்தார்களே. 1908-இல் இந்தியர்களுக்கான பதிவுச் சீட்டுகளைத் தீயிட்டுக் கொளுத்தியது ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வளாகத்தில். அதே ஆண்டு தெருவில் காந்தி அடிபட்டு விழுந்தபோது அவரைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொண்டவர் ஜோசப் டோக் என்ற பாப்டிஸ்ட் போதகர். அப்புறம் 1946-இல் இந்தியர்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் முடக்கும் சட்டம் வந்தது. டாக்டர் மான்டி நாயக்கரும் டாக்டர் கூனமும் முன்னின்ற அந்தப் போராட்டத்தில், டர்பன் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் காலி நிலத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆங்கிலிக்கன் பாதிரியார் மைக்கேல் ஸ்காட் அங்கே வந்து நம்மவர்களோடு நின்று, மூன்று மாதம் சிறைக்கும் போனார். அவருடைய நிலம் எதுவும் பறிபோகவில்லை.

2022 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டு மக்களில் இந்துக்கள் 1.1 சதவீதம். இவ்வளவு சிறிய சமூகம் தனக்காக மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

நிறவெறிக் காலத்தில் நம் கோவில்கள் என்ன செய்தன? பெருமைப்படுகிற மாதிரி இருக்கிறதா?

பெருமைப்படவும் இருக்கிறது, வருத்தப்படவும் இருக்கிறது.

பெருமை என்றால், பள்ளிக்கூடம். அரசு நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டித்தரத் தயங்கிய காலத்தில் கோவில் சபைகளும் சங்கங்களும் வீடு வீடாகக் காசு சேர்த்துக் கட்டின. 1949-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் தென்னாப்பிரிக்கக் கிளையைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தா, பின்னாளில் குவாசூலு-நேட்டால் (நேட்டாலின் இன்றைய பெயர்) கிராமங்களில் ஜூலு பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கட்டடங்களை வரிசையாகக் கட்டிக்கொடுத்தார். சத்தமில்லாமல் நடந்த பெரிய வேலை அது.

இடம்பெயர்ப்பில் நாமும் அடிபட்டோம். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குடியிருப்பு என்று பிரித்த, 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மாகசின் பாரக்ஸிலிருந்தும் நம் குடும்பங்களைப் பெயர்த்து சாட்ஸ்வர்த்தில் போட்டது. மாகசின் பாரக்ஸ் டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்களின் குடியிருப்பு. பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் பேசிய வீடுகள். பிரிட்டோரியாவில் மராபஸ்டாட் மாரியம்மன் கோவில் இன்றும் நிற்கிறது, ஆனால் அதைச் சுற்றி வாழ்ந்த தமிழர்களை, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய லாடியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சாமியை விட்டுவிட்டு ஊரைப் பெயர்த்த சட்டம்.

வருத்தம் என்றால், மௌனம். அதே காலத்தில் டர்பனின் கத்தோலிக்கப் பேராயர் டெனிஸ் ஹர்லி கட்டாய இடம்பெயர்ப்பை வெளிப்படையாக எதிர்த்தார், 1976-இல் பல சபைகளை ஒன்றுசேர்த்து டயகோனியா என்ற அமைப்பைத் தொடங்கினார். 1969-இல் நிறவெறியை எதிர்த்த இமாம் அப்துல்லா ஹாரூன் போலீஸ் காவலில் உயிரிழந்தார். 1985-இல் வெளிவந்த கைரோஸ் ஆவணம், அநியாயம் நடக்கும்போது நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் சபை அநியாயத்துக்குத்தான் துணைபோகிறது என்று தேவாலயங்களுக்கு உள்ளேயிருந்தே குற்றம் சாட்டியது. நம் பக்கத்தில் தனி மனிதர்கள் ஏராளமாகப் போராடினார்கள். நேட்டால் இந்தியக் காங்கிரசில் தமிழ்ப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1984-இல், கறுப்பின மக்களை விட்டுவிட்டு வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று மூன்று அவைகளாக அமைத்த முச்சபை நாடாளுமன்றத்துக்கு நடந்த தேர்தலில் இந்திய வாக்காளர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டுப் போடப் போனார்கள். மக்கள் தெளிவாக இருந்தார்கள். ஆனால் கோவில் என்ற அமைப்பாக, கமிட்டியாக, வாய் திறந்தவை குறைவு. திருவிழாவுக்கு அனுமதி கிடைக்காமல் போய்விடுமோ, நிலப் பத்திரத்தில் கைவைப்பார்களோ என்ற பயம் நியாயமான பயம்தான். இருந்தாலும் மௌனம் மௌனம்தான்.

1997 நவம்பரில், நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் இந்த நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரில் சமயச் சமூகங்களுக்கென்றே மூன்று நாள் விசாரணை நடத்தியது. கிறிஸ்தவ சபைகள், முஸ்லிம், யூத அமைப்புகளோடு தென்னாப்பிரிக்க இந்து மகா சபையும் அங்கே போய்த் தன் தரப்பைச் சொன்னது. ஒடுக்கியவர், ஒடுக்கப்பட்டவர், எதிர்த்தவர் என்று சமயங்கள் ஒரே நேரத்தில் மூன்றாகவும் இருந்திருக்கின்றன என்பதுதான் ஆணையம் கண்டது.

கோவில் பொது விஷயம் பேச சட்டம் இடம் கொடுக்கிறதா?

கொடுக்கிறது. 1996 அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மத, மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. 16 பேச்சுரிமை. 17 கூடவும், ஊர்வலம் போகவும், மனுக் கொடுக்கவும் உரிமை. 31 ஒரே பண்பாடு, மதம், மொழி உள்ளவர்கள் சேர்ந்து இயங்கும் உரிமை.

ஒரே ஒரு கோடு இருக்கிறது. கோவில் வருமான வரி விலக்குப் பெற்ற பொதுநல அமைப்பாகப் பதிவாகியிருந்தால், அதன் பணத்தையோ பொருளையோ எந்த அரசியல் கட்சிக்கும் ஆதரவாகவும் பயன்படுத்தக் கூடாது, எதிராகவும் பயன்படுத்தக் கூடாது. வருமான வரிச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கட்சிக்குத்தான் தடை, பிரச்சினைக்கு இல்லை. "எங்கள் தெருவில் எட்டு நாளாகத் தண்ணீர் இல்லை" என்று கோவில் கடிதம் எழுதலாம், ஊர்வலம் போகலாம், வழக்கும் போடலாம். "அதனால் இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று கோவில் மைக்கில் சொல்ல முடியாது.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர் திருவிழாவுக்கு வந்தால்?

வரட்டும், கும்பிடட்டும், கஞ்சி குடிக்கட்டும். மைக் மட்டும் கொடுக்காதீர்கள். எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே நாளில் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, ஊர்க்காரர்கள் கேள்வி கேட்கும் கூட்டம் வைப்பது வேறு; அதை நான் மனதார வரவேற்கிறேன். மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தி ஒருவரை மட்டும் கருவறை முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது அம்மனின் பெயரைக் கடன் கொடுப்பது.

மூக்குத்தி வழக்கு என்கிறார்களே, அது என்ன?

நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு. டர்பனில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்த தமிழ் மாணவி, விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். விதிமுறையில் இல்லை, கழற்று என்றது பள்ளி. அம்மா எழுதிக் கொடுத்தார்: எங்கள் தென்னிந்தியக் குடும்பத்தில் பெண் வயதுக்கு வந்தால் மூக்குக் குத்துவது வழக்கம், 16-ஆம் பிறந்தநாளில் பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைரம் வைப்பார், இது அலங்காரம் இல்லை என்று. பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. சமத்துவ நீதிமன்றத்தில் பள்ளி ஜெயித்தது, உயர் நீதிமன்றத்தில் தோற்றது. கடைசியில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 அக்டோபர் 5 அன்று தீர்ப்புச் சொன்னபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள். இருந்தாலும் எல்லோருக்கும் பயன்படும் கேள்வி என்று நீதிமன்றம் விசாரித்து முடித்தது.

தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. மூக்குக் குத்துவது சாத்திரப்படி கட்டாயமா என்று பள்ளித் தரப்பு துருவியது. கட்டாயம் இல்லை, விருப்பம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். விருப்பத்தோடு செய்வதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். ஒருவர் மனமார மதித்துச் செய்யும் வழக்கத்துக்கு, பெரிய இடைஞ்சல் இல்லாதபோது பள்ளி இடம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு மூக்குத்தி, அடுத்தவனுக்கு ஜடாமுடி, இன்னொருத்திக்குத் தலைமறைப்பு என்று போனால் ஒழுங்கு என்னாவது என்ற பயத்தையும் அது ஏற்கவில்லை. பலவிதமாக இருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்பதே தீர்ப்பின் தொனி.

பலருக்குத் தெரியாத செய்தி: இந்த வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவுவதற்காகத் தன் வாதத்தை முன்வைத்த அமைப்புகளில் நேட்டால் தமிழ் வேதச் சங்க அறக்கட்டளையும் ஒன்று. தேவார வகுப்பும் பூசையும் நடத்துகிற நம் சங்கங்களால் நாட்டின் உச்ச மன்றத்தில் ஒரு பிள்ளைக்காகப் பேச முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தத் தீர்ப்பு இன்று ஜடாமுடி வளர்க்கும் ராஸ்தஃபாரிச் சமயப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் கைகொடுக்கிறது.

கோவிலில் நடக்கும் கல்யாணம் இப்போது தானாகவே சட்டப்படி செல்லும்தானே?

தானாகச் செல்லாது! கோவில்கள் இதை ஒவ்வொரு முகூர்த்தத்திலும் சொல்ல வேண்டும்.

1961 திருமணச் சட்டப்படி, உள்துறையால் திருமண அதிகாரியாக நியமிக்கப்பட்ட பூசாரி நடத்திப் பதிவு செய்தால் அது முழுமையான சட்டத் திருமணம். இந்தியச் சமயச் சடங்குப்படி நடத்தவும் அந்தச் சட்டமே இடம் தருகிறது. நியமனம் இல்லாத பூசாரி தாலி எடுத்துக் கொடுத்து, பதிவு செய்யாமல் விட்டால் சிக்கல். 2007-இல் அப்படிப்பட்ட ஒரு இந்துத் திருமணத்துக்கு விவாகரத்துச் சட்டத்தின்படி விவாகரத்து தர டர்பன் உயர் நீதிமன்றம் மறுத்தது. 2008-இல் அதே நீதிமன்றம், உயில் எழுதாமல் கணவர் இறந்த ஒரு இந்துப் பெண்ணை வாரிசுச் சட்டத்தில் துணைவியாகக் கருத வேண்டும் என்றது. அதுவரை சொத்து கணவரின் பெற்றோருக்குப் போகும் நிலை. 2022-இல் முஸ்லிம் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்க அரசியலமைப்பு நீதிமன்றம் வழிவிட்டது. அதற்காகப் பல வருடம் போராடியது பெண்களின் ஒரு சட்ட மையம்.

1913-இல் தொடங்கிய விஷயம் இன்னும் முடியவில்லை. பெண்தான் ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. உங்கள் கோவில் பூசாரிக்கு நியமனம் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

மசூதி ஒலிபெருக்கிக்கு எதிராக வழக்கு என்றால் கோவில் எந்தப் பக்கம்?

இசிபிங்கோ பீச்சில் ஒரு மதரசாவின் பாங்கு ஓசை தன் வீட்டுக்குள் கேட்கவே கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டு, 2020-இல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2022-இல் புளூம்ஃபொன்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. காவடி நாளில் உறுமியும் மேளமும் தெரு முழுக்கக் கேட்கும் சமூகம் நாம். பாங்கை நிறுத்தும் சட்டம் அடுத்த வாரம் நம் மேளத்தையும் நிறுத்தும். அதனால் மட்டும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தொழுவதற்கு இடைஞ்சல் செய்யாமல் வாழ்வது குறைந்தபட்ச மரியாதை. ஒலி அளவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் காபி குடித்துக்கொண்டே பேசி முடிக்கலாம்.

2021 ஜூலைக்குப் பிறகு நியாயம், நல்லிணக்கம் என்று பேச நமக்கு வாய் வருமா?

அந்த வாரத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசினாலும் அது அரைகுறைதான்.

குவாசூலு-நேட்டாலிலும் காவ்டெங்கிலும் நடந்த கலவரத்தில் 350-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, கிடங்குகள் எரிந்தன, போலீஸ் கண்ணில் படவில்லை. இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் மக்கள் பயந்து தெருமுனைகளில் தடுப்புப் போட்டுக் காவல் நின்றார்கள். பயம் நிஜம். ஆனால் அங்கே 36 பேர் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலைக்குப் போனவர்களும், வீடு திரும்பியவர்களும், பெட்ரோல் தேடி வந்தவர்களும் தோல் நிறத்துக்காக மறிக்கப்பட்டார்கள். மனித உரிமை ஆணையம் விசாரணை நடத்தி 2024-இல் அறிக்கை வெளியிட்டது.

நமக்கும் காயம் உண்டு. 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்ததையும், கேட்டோ மேனர் வீடுகள் எரிந்ததையும், 1985-இல் இனாந்தாவிலிருந்து இந்தியக் குடும்பங்கள் ஓடிவந்ததையும் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். 1949-இல் இறந்தவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள் என்பதை மட்டும் வீட்டுக் கதைகள் பெரும்பாலும் விட்டுவிடும்.

அந்த ஜூலையில் கோவில்கள் ரொட்டியும் பாலும் வரவழைத்துப் பசி தீர்த்தன. நல்லது. அதற்குமேல் ஒன்று பாக்கி இருக்கிறது. கொலை செய்தவன் நம் தெருக்காரனாக இருந்தாலும் அது கொலை என்று கோவில் சொல்ல வேண்டும். சாட்சி சொல்லப் பயப்படுபவருக்குத் துணை நிற்க வேண்டும். ஃபீனிக்ஸை அடுத்துள்ள கறுப்பின மக்களின் பகுதிகளான பம்பாயியிலும் அமாவோட்டியிலும் மகனை இழந்த அம்மாவின் வீட்டுக்கு நம் பெரியவர்கள் துக்கம் கேட்கப் போக வேண்டும். யார் வீட்டில் சாவு என்றாலும் போய் நிற்பது நம் வழக்கம்தானே. தன் கோவில் போனதா என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளட்டும்.

அன்னதானம் செய்கிறோம், புத்தகப் பை கொடுக்கிறோம். அது போதாதா?

அன்னதானத்தை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400-க்கு மேற்பட்டோர் இறந்தபோது, முதலில் அடுப்புப் பற்றவைத்தவை கோவில்களும் மசூதிகளும் தேவாலயங்களும்தான்.

ஆனால் அந்த வெள்ளத்தில் டொங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உடைந்துபோனது, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. கோவில் லாரி வைத்துத் தண்ணீர் கொடுக்கலாம், எத்தனை மாதம்? நிலையத்தைச் சரிசெய்ய எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், யாருக்கு ஒப்பந்தம், எப்போது முடியும் என்று கேட்பதும் அதே தாகத்துக்குச் செய்யும் தொண்டுதான். மெரிபேங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவில் ஒரு தலைமுறையே இழுப்பு நோயோடு வளர்ந்தது. பிள்ளைக்கு இன்ஹேலர் வாங்கித் தருவது தர்மம். புகையை அளந்து சொல் என்று ஆலையைக் கேட்பது நியாயம். தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு இதைத் தொண்ணூறுகளிலிருந்து செய்துவருகிறது. கோவில் மண்டபம் ஒன்றைக் கூட்டத்துக்கு இலவசமாகத் திறந்துவிடுவதே பெரிய உதவி.

பிற மதத்தாரோடு மேடை பகிர்ந்தால் நம் சமயம் நீர்த்துப்போகாதா?

மாரியம்மன் திருவிழாவை இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் பெரிய வெள்ளியன்று நடத்துகிறோம். தோட்டத்து முதலாளி கிறிஸ்தவன், அவன் விடுமுறை கொடுத்த நாளில் நம் முன்னோர்கள் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். அம்மன் நீர்த்துப்போகவில்லை. அதே பெரிய வெள்ளி அதிகாலையில் டர்பன் நகர வீதிகளில் டயகோனியா அமைப்பினர் சிலுவை சுமந்து, அந்த ஆண்டு எந்த அநியாயம் கண்ணை உறுத்துகிறதோ அதைச் சொல்லி ஊர்வலம் போகிறார்கள். நம் தமிழர்களில் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். ஒரே குடும்பத்தில் அண்ணன் தீ மிதிக்கப் போவார், தம்பி அந்த ஊர்வலத்துக்குப் போவார்.

சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். தென்னாப்பிரிக்கா 9,600 மெகாவாட் அணுமின் நிலையங்கள் வாங்கத் திட்டமிட்டு, ரஷ்யாவோடு ஒப்பந்தமும் போட்டது. 2005-இல் பல சமயத்தார் சேர்ந்து தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பகுதி சமயச் சமூகங்களின் சுற்றுச்சூழல் நிறுவனம், எர்த்லைஃப் ஆப்பிரிக்கா அமைப்போடு சேர்ந்து நீதிமன்றம் போனது. 2017 ஏப்ரல் 26 அன்று மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றது. மக்களைக் கேட்காமல் முடிவெடுத்தது முக்கியமான காரணம். சிறிய அலுவலகம், சில ஊழியர்கள், பல சமயத்தாரின் பெயர். எதிரே ஒரு அரசாங்கம்.

கோவிலுக்கு உள்ளேயே நியாயம் இல்லையென்றால்?

அப்போது அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கூழ் காய்ச்சுவதும் பாத்திரம் கழுவுவதும் பெண்கள், கமிட்டி மேசையில் உட்காருவது ஆண்கள் என்றால், அந்தக் கமிட்டி சமத்துவம் பற்றி வெளியே எழுதும் கடிதத்துக்கு எடை இருக்காது. உண்டியல் கணக்கை வருடா வருடம் சுவரில் ஒட்டாத கோவில், நகராட்சியிடம் கணக்குக் கேட்க முடியாது.

வீட்டில் அடிபட்டு வரும் பெண்ணிடம் "பொறுத்துப் போம்மா" என்று சொல்லி அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 1998 குடும்ப வன்முறைச் சட்டப்படி அவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கட்டணமில்லாமல் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. கோவிலில் ஒரு அக்காவாவது அந்த விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்து, கூடப் போகத் தயாராக இருக்க வேண்டும். எந்த ஊர்வலத்தையும்விட இதை நான் முதலில் வைப்பேன்.

எங்களுடையது சின்னக் கோவில். எங்கே தொடங்குவது?

உங்கள் வட்டாரத்தின் ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். அப்புறம் காலண்டரைப் பாருங்கள். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டத்தின் வரைவு மார்ச் முடிவதற்குள் வெளியாகும், ஏப்ரல், மே மாதங்களில் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். உங்கள் வார்டுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அந்த வரைவில் தேடிப் பார்த்து, ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். புரட்டாசி விரதத்துக்கு மண்டபம் நிறையும் சமூகம் நாம். அதே மண்டபத்தில் பத்துப் பேர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

நாடாளுமன்றத்துக்கும் அப்படித்தான். சட்டம் இயற்றும்போது மக்களைக் கேட்பது கண்துடைப்புக்காக இல்லை. 2006-இல் டாக்டர்ஸ் ஃபார் லைஃப் என்ற, கருக்கலைப்பை எதிர்க்கும் கிறிஸ்தவ மருத்துவர்கள் அமைப்பு போட்ட வழக்கில், நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் தேசிய அவை மக்களிடம் சரியாகக் கருத்துக் கேட்கவில்லை என்பதற்காகவே நிறைவேறிய சட்டங்களை அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்களின் கொள்கையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர்கள் வென்று கொடுத்த கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2023-இல் அறிமுகமான திருமண மசோதா போன்றவை வரும்போது கோவில்கள் எழுதாமல் இருந்தால், நம் கல்யாணத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள்.

ஆவணம் வேண்டுமென்றால் தகவல் பெறும் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். 15 பேருக்கு மேல் ஊர்வலம் என்றால் நகராட்சிக்கு ஏழு நாள் முன்னால் அறிவிப்புக் கொடுங்கள். அறிவிப்புத்தான், அனுமதி கேட்பது இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள்.

பூசாரி பேச வேண்டுமா, கமிட்டியா?

கமிட்டி கூடித் தீர்மானம் போட்டு, யார் பேசுவது என்று எழுதிவைத்துவிட்டுப் பேசட்டும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விசாவில் வந்திருக்கும் பூசாரியை முன்னால் தள்ளாதீர்கள். அவர் பிழைப்பு நம் கையில் இருக்கிறது.

மனுவைத் தமிழில் எழுதி அனுப்பலாமா?

அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவில், மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் தமிழும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் அதிகார மொழிகள் 12-இல் தமிழ் இல்லை. எனவே ஆங்கிலத்தில் அனுப்புங்கள். கூடவே ஜூலுவிலும் ஒரு பிரதி எழுதிவிடுங்கள். சரளமாக எழுதத் தெரியவில்லையென்றால் பக்கத்துச் சபையிலோ பள்ளியிலோ கேளுங்கள், சந்தோஷமாக உதவுவார்கள். தண்ணீரும் மின்சாரமும் கேட்டு எழுதும் மனு என்றால் குடிசைப்பகுதி மக்களுக்கும் அதே குறைதான் இருக்கும். அனுப்புவதற்கு முன் அவர்களிடம் படித்துக் காட்டி, அவர்கள் சேர்க்கச் சொல்வதைச் சேர்த்து, கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.